திருடியவனுக்கு ஏழு, வாங்கியவனுக்கு மூன்று

2024 மே மாதம் ஒரு வீடியோ நாடு முழுக்கக் கைபேசிகளில் சுற்றியது. இடம், மத்தியப் பிரதேசத்தில் தேவாசுக்கும் ஷாஜாபூருக்கும் இடையே ஓடும் ஆக்ரா - மும்பை நெடுஞ்சாலை. பட்டப்பகலில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் லாரியின் மேல் இரண்டு பேர். மேலே இருந்த ஒரு பொட்டலத்தைத் தூக்கிச் சாலையில் எறிகிறார்கள். பிறகு, பின்னால் ஒட்டி வரும் மோட்டார் சைக்கிளில் ஒருவர் பின் ஒருவராக இறங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். லாரி நிற்கவே இல்லை.

பார்த்தவர்கள் திருடர்களின் துணிச்சலைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தப் பொட்டலம் அன்று மாலை யார் கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. சரக்குத் திருட்டைப் பற்றிய நமது சட்டங்களும் ஏறக்குறைய அந்த வீடியோவைப் போன்றவைதான். லாரியின் மேல் நிற்பவனை அவை நன்றாகப் பார்க்கின்றன. அதற்கு அப்பால் கேமரா திரும்புவதில்லை.

மூட்டை மூட்டையாகத் துணி திருடுபவன் அதைத் தைத்துப் போட்டுக்கொள்ளப் போவதில்லை. எடுத்த சரக்கைக் கைமாற்ற அவனுக்கு ஆள் வேண்டும். வைப்பதற்கு ஒரு குடோன் வேண்டும். பில் இல்லாமல் விற்பதற்கு ஒரு கடைத்தெரு வேண்டும். லாரியில் ஏறுகிறவன் இந்த ஏற்பாட்டில் கடைசிக் கூலியாள். கீழே வாங்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவன் மேலே ஏறுகிறான்.

தொகை பெரிதாகும்போது இந்த ஏற்பாடும் பெரிதாகிறது. 2020 அக்டோபரில் சென்னையை அடுத்த தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து மும்பைக்குக் கிளம்பிய ஒரு கன்டெய்னர் லாரி, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே மறிக்கப்பட்டது. ஓட்டுநர்கள் தாக்கப்பட்டார்கள். போனது சுமார் 15 கோடி ரூபாய் மதிப்புள்ள கைபேசிகள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு ஆந்திரத்தின் நகரி அருகே, மும்பைக்குப் போன இன்னொரு கைபேசி லாரியும் இதே கதிக்கு ஆளாகியிருந்தது. சூளகிரி வழக்கின் தடத்தைப் பிடித்துக்கொண்டு தமிழகப் போலீஸார் மத்தியப் பிரதேசம் வரை போனார்கள், கைதுகளும் நடந்தன. சரக்கு ஒரு மாநிலத்தில் ஏற்றப்படுகிறது, இன்னொன்றில் பறிபோகிறது, பறித்தவர்கள் மூன்றாவது மாநிலத்துக்காரர்கள், வாங்குபவர் நான்காவதில் இருக்கலாம். போலீஸின் அதிகாரமோ மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1860-ல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு, லாரியிலிருந்து சரக்கைத் திருடுவதும் கொடியில் காயும் வேட்டியைத் திருடுவதும் ஒன்றுதான். இரண்டும் பிரிவு 379. மூன்று ஆண்டு வரை சிறை. வழிமறித்து, அடித்துப் பறித்தால் அது கொள்ளை. அதற்குத் தண்டனை எப்போதுமே கடுமை. ஆனால் சத்தமில்லாமல் தார்ப்பாயைக் கிழித்து எடுத்தால் வெறும் திருட்டு.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இதை மாற்றியது. சரக்கு வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் அதன் 305-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. 112-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், 'சரக்குத் திருட்டு' என்ற பெயரையே சொல்கிறது. ஒரு கோஷ்டியைச் சேர்ந்தவர் இதைச் செய்தால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. பழைய சட்டத்தில் இல்லாத பெயர் இது. ஆனால் பெயர் எழுதப்பட்டிருக்கும் இடம்தான் வேடிக்கை. அந்தப் பிரிவின் தலைப்பு, சிறு அளவிலான அமைப்புரீதியான குற்றம். ஜேப்படி, கடையில் கைவரிசை காட்டுவது ஆகியவற்றோடு ஒரே வரியில் சரக்குத் திருட்டும் உட்கார்ந்திருக்கிறது. சினிமா டிக்கெட்டைக் கள்ளத்தனமாக விற்பவரும் இதே பிரிவில்தான் வருகிறார். சரக்குத் திருட்டு என்றால் என்ன என்ற விளக்கமும் அங்கே இல்லை.

திருடியவருக்கு ஏழு ஆண்டு, சரி. வாங்கியவருக்கு? திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குபவருக்குப் புதிய சட்டத்தின் 317-வது பிரிவிலும் பழைய மூன்று ஆண்டுதான். கொள்ளையடித்த பொருளை வாங்கினாலோ, வாங்குவதையே தொழிலாக வைத்திருந்தாலோ தண்டனை கூடும். ஆயுள் வரைகூடப் போகும். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை உண்டு. அது திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரியும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். பில் இல்லாமல் பாதி விலைக்கு வந்ததே, அது போதாதா என்று கேட்கலாம். ஏதோ கம்பெனியின் கழிவுச் சரக்கு என்று நினைத்தேன் என்று வியாபாரி சொல்லிவிட்டால், நீதிமன்றத்தில் அந்தக் கேள்வி பலவீனமாகிவிடுகிறது.

சாட்சியச் சட்டம் ஒரு கை கொடுக்கிறது என்பது உண்மை. திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் ஒருவரிடம் அந்தப் பொருள் இருந்து, அவர் அதற்குக் கணக்குச் சொல்லவில்லை என்றால், அவர் திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். ஆனால் முழு எடையும் 'சிறிது காலத்துக்குள்' என்ற அந்தச் சொற்களில் நிற்கிறது. மூன்று மாநிலப் போலீஸார் கடிதம் எழுதிக்கொண்டு, ஒரு குழு ரயிலேறி வந்து சேர்வதற்குள், சரக்கு நான்கு கை மாறிவிடுகிறது.

இங்கேதான் ரயிலையும் சாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரயில்வேயின் தளவாடங்கள் திருடு போவதைத் தடுக்க 1955-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. தண்டவாளத்துண்டும் கருவிகளும் அதில் அடங்கின. வியாபாரிகள் ரயிலில் அனுப்பும் சரக்கு அடங்கவில்லை. அந்தக் குறை 1966-ல் நீக்கப்பட்டது. அந்த ஆண்டு வந்த ரயில்வே சொத்துச் சட்டம், ரயில்வேயின் பொறுப்பில் இருக்கும் எந்தப் பொருளையும் ரயில்வே சொத்தாகவே கருதியது. திருடப்பட்டது என்று நியாயமாகச் சந்தேகிக்கப்படும் ரயில்வே சொத்து ஒருவர் வசம் இருந்தால், அது முறையாக வந்தது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் ஐந்தாண்டு வரை சிறை. முதல் முறைக்குப் பொதுவாகக் குறைந்தது ஓராண்டு, மறுமுறை இரண்டாண்டு. திருட்டுப் பொருள் புழங்கத் தன் இடத்தைத் தெரிந்தே விட்டவருக்கும் தண்டனை உண்டு.

அந்தச் சட்டம் வந்தபோது நாட்டின் சரக்கில் பெரும்பங்கு ரயிலில் போனது. இன்று ஏறக்குறைய 70 சதவீதம் சாலையில் போகிறது. சரக்கு இடம் மாறிவிட்டது. சட்டம் வேகனிலேயே நின்றுவிட்டது. ஒரே ஆலையில் நெய்த ஒரே துணிப் பேல் வேகனில் ஏறினால் அதை வாங்குபவர் கணக்குச் சொல்ல வேண்டும். லாரியில் ஏறினால் போலீஸ்தான் அவருடைய மனதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

இந்த வித்தியாசத்தின் விலையை முதலில் கொடுப்பவர் லாரி ஓட்டுநர். வாங்கியவரை எட்ட முடியாத விசாரணை, கைக்கெட்டும் ஆளிடம் தொடங்குகிறது. சரக்கு காணாமல் போனது என்று புகார் சொல்லப் போகும் ஓட்டுநரே பெரும்பாலும் முதல் சந்தேக நபர். வேலியே பயிரை மேய்ந்த வழக்குகள் இல்லாமல் இல்லை. போலி எண் பலகை, போலி உரிமம் காட்டிச் சரக்கை ஏற்றிக்கொண்டு மாயமாகிறவர்கள் உண்டு. டாபா ஓரத்தில் நிறுத்தி இரும்புக் கம்பியையும் டீசலையும் இறக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. நம்பி ஒப்படைத்த சரக்கை மோசடி செய்யும் போக்குவரத்துக்காரருக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. ஆனால் கட்டிப்போட்டு அடிக்கப்பட்ட ஓட்டுநரும் அதே பெஞ்சில்தான் உட்கார வைக்கப்படுகிறார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பு தைத்தவனையே நோகும் வழக்கம் இருக்கிறது.

அடுத்த அடி லாரி உரிமையாளருக்கு. 2007-ல் இயற்றப்பட்டு 2011-ல் அமலுக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு தொலைந்தால் பொறுப்பு போக்குவரத்து நிறுவனத்துக்கு. அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அனுப்புபவர் கூடுதல் மதிப்பை அறிவித்திருந்தால் தவிர, பொதுவாக இழப்பீட்டின் உச்சவரம்பு வாடகையைப் போல் பத்து மடங்கு. வாடகை 60,000 ரூபாய் என்று கொள்வோம். அதிகபட்சம் 6 லட்சம். உள்ளே இருந்தது 40 லட்சம் ரூபாய்ச் சரக்கு என்றால், மீதி 34 லட்சத்துக்குக் காப்பீடு செய்யாத அனுப்புநர் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அந்த 6 லட்சமும் ஒன்றிரண்டு லாரிகளைக் கடனில் ஓட்டும் ஒருவருக்குத் தொழிலையே மூடவைக்கும் தொகை.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் 1951-ம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தில் 124-வது பிரிவு இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணமுள்ள ஒன்றை வைத்திருப்பவர், மாஜிஸ்திரேட் திருப்தியடையும்படி கணக்குச் சொல்லாவிட்டால் ஓராண்டு வரை சிறை. யோசனை சரியானது, ஆனால் கோடிக் கணக்கில் சரக்கு புரளும் சந்தையில் இது கொசுக்கடி. இன்னொரு பக்கம் பீரங்கிகள். உத்தரப் பிரதேசம் 1986-ல் கோஷ்டிகளுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது. மகாராஷ்டிரம் 1999-ல் அமைப்புரீதியான குற்றங்களுக்கு எதிராக 'மோகா' சட்டத்தை இயற்றியது. தமிழகத்தின் 1982-ம் ஆண்டு குண்டர் சட்டம் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க இடம் தருகிறது. குஜராத் 2003-ல் நிறைவேற்றிய மசோதா ஜனாதிபதி மாளிகைக்குப் போய்த் திரும்பித் திரும்பி வந்தது. 2015-ல் புது வடிவில் மீண்டும் நிறைவேறி, 2019-ல்தான் ஒப்புதல் பெற்றது. பதினாறு ஆண்டுகள்!

இவையெல்லாம் ஆளைக் குறிவைக்கும் சட்டங்கள். ஒருவர் எந்தக் கோஷ்டி, அவர் மேல் எத்தனை வழக்கு என்பதில்தான் அவை தொடங்குகின்றன. சரக்கு எங்கே போனது என்ற கேள்வி அவற்றில் முக்கியமில்லை.

ஆளைக் குறிவைக்கும் வழியில் ஒரு பழைய ஆபத்தும் இருக்கிறது. வழிப்பறிக் கூட்டங்களை ஒடுக்க 1836-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு சட்டம் போட்டது. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று நிரூபித்தாலே போதும். கம்பெனி எல்லைக்கு வெளியே நடந்த குற்றமானாலும் ஆயுள் தண்டனை. எல்லைப் பிரச்சினையை அந்தச் சட்டம் ஒரே வீச்சில் தீர்த்தது உண்மைதான். ஆனால் 'சேர்ந்தவர்' என்ற சொல் அதோடு நிற்கவில்லை. 1871-ல் குற்றப் பழங்குடிச் சட்டம் வந்தது. முழுச் சமூகங்களும் பிறப்பாலேயே குற்றவாளிகளாக எழுதப்பட்டன. தமிழகத்திலும் அதன் வடு ஆழமானது. 1952-ல் சட்டம் ஒழிந்தது, பெயர் ஒழியவில்லை. இன்றும் நெடுஞ்சாலையில் ஒரு லாரி பறிபோனால், பக்கத்துக் கிராமங்களில் எந்தச் சமூகம் வசிக்கிறது என்பதிலிருந்து விசாரணை தொடங்குவது உண்டு. புதிய சட்டத்தின் 'கோஷ்டி உறுப்பினர்' என்ற சொல் அந்தப் பழைய பழக்கத்துக்கு வசதியானது. பல லட்சத்துக்குச் சரக்கு வாங்கி விற்கும் ஆள் அந்தக் கிராமத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவருக்கு ஊருக்குள் நல்ல பெயர்கூட இருக்கலாம்.

அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையே போகும் சரக்கைத் திருடுவது மத்தியச் சட்டப்படியே குற்றம். இருந்தும் பல மாநிலங்கள் தங்களுக்கென்று சட்டம் செய்துகொண்டன. டெக்ஸாஸ் மாநிலம் 2015-ல் கொண்டுவந்த பிரிவு கவனிக்கத்தக்கது. அது திருடனிலிருந்து தொடங்கவில்லை. திருட்டுச் சரக்கைப் பெறுவது, பதுக்குவது, வைத்திருப்பது, விற்பது ஆகியவற்றில்தான் தொடங்குகிறது. ஒப்படைத்த சரக்கைத் தெரிந்தே முழுதாகச் சேர்ப்பிக்காத அல்லது சீலை உடைக்கும் ஓட்டுநர் அதற்கு அடுத்த இடத்தில் வருகிறார். சரக்கின் மதிப்பு ஏற ஏறக் குற்றத்தின் தரமும் ஏறுகிறது. பத்தாயிரம் டாலருக்கும் இரண்டு லட்சம் டாலருக்கும் ஒரே தண்டனை அல்ல.

இந்திய மாநிலங்கள் இதைச் செய்யத் தடை இல்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. குற்றவியல் சட்டமும் சாட்சியமும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் ஜனாதிபதியின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். பீரங்கி கேட்டதால் குஜராத்துக்குப் பதினாறு ஆண்டு ஆனது. ரயில்வேயில் 1966 முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு விதியைச் சாலைக்கும் நீட்டுவதற்கு அவ்வளவு தயக்கம் இருக்கக் காரணமில்லை.

நிரூபிக்கும் சுமையை வாங்கியவர் தலையில் வைத்தால் பழைய இரும்புக் கடைக்காரரும் நடைபாதை வியாபாரியும் போலீஸிடம் சிக்கிச் சீரழிய மாட்டார்களா? நியாயமான அச்சம். அதற்கு விடையும் கைவசம் இருக்கிறது. 2018 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக 'இ-வே பில்' வேண்டும். சில பொருட்களுக்கு விலக்கு உண்டு. மாநிலத்துக்குள் வரம்பு சில இடங்களில் மாறும். மொத்தமாக வாங்கும் வியாபாரி எப்படியும் வைத்திருக்க வேண்டிய காகிதம் இது. அந்த வரம்புக்கு மேற்பட்ட சரக்குக்கு மட்டும் 'காகிதத்தைக் காட்டு' என்று சட்டம் கேட்டால், நேர்மையான வியாபாரிக்குப் புதிய சுமை ஒன்றும் இல்லை. நடைபாதைக் கடைக்காரர் அதன் வலையில் விழவும் மாட்டார்.

மற்ற இரண்டு வேலைகளுக்குப் புதுச் சட்டமே தேவையில்லை. பயணத்தின்போது நடந்த குற்றத்தை, அந்தச் சரக்கு கடந்து சென்ற எந்த ஊர் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்பது பழைய நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. எங்கே நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. ஆகவே, 'இது எங்கள் எல்லை இல்லை' என்று ஓட்டுநரை அடுத்த மாவட்டத்துக்கு விரட்டும் காவல் நிலையத்துக்குச் சட்டத்தில் சாக்கு இல்லை.

மீட்ட சரக்கின் கதையும் அப்படித்தான். காவல் நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கும் பொருட்களைப் பார்த்து, படமும் பட்டியலும் எடுத்துக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் ஒப்படையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டம் அதற்கு நாள் கணக்கே கொடுத்திருக்கிறது: நீதிமன்றம் 14 நாளில் பட்டியல் எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளில் ஒப்படைப்பு உத்தரவு. மாவட்ட அதிகாரிகள் இந்தக் கெடுவைக் கறாராகக் கேட்கத் தொடங்கினாலே பாதி நஷ்டம் குறையும்.

பழைய தமிழகத்தில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. ஊர்க் காவலுக்கு வரி வாங்கியவர், களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். ஷேர்ஷா தன் சாலைகளில் நடக்கும் களவுக்கு அந்தந்தக் கிராமத் தலைவரைப் பொறுப்பாக்கினார் என்கிறது வரலாறு. அந்த முறைகளில் கொடுமையும் கலந்திருந்தது. அவை திரும்ப வர வேண்டியதில்லை. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பொருள் எங்கே என்று யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போதைய ஏற்பாட்டில் அடிபட்ட ஓட்டுநர் பதில் சொல்கிறார், கடனில் இருக்கும் லாரிக்காரர் பதில் சொல்கிறார், நெடுஞ்சாலையோரத்துக் கிராமம் மொத்தமும் பதில் சொல்கிறது. சரக்கை வைத்திருப்பவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் முதல் மாநிலம் எதுவோ, அதன் சாலைகளைத் திருடர்கள் தாமாகவே தவிர்க்கத் தொடங்குவார்கள். வாங்க ஆளில்லாத மூட்டைக்காக ஓடும் லாரியில் ஏற எவனும் உயிரைப் பணயம் வைக்கமாட்டான்.